கவிழ்ந்த பிறகு

நடுக்கடலில் புரண்ட படகைச் செப்பனிட்டுவிடலாம். ஆனால் அது புரண்டது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரம் கடற்கரையில் படகு கவிழ்வது பெரிய செய்தி அல்ல. பருவமழைக் காலத்தில் அலையைத் தாண்டிக் கடலுக்குள் போகும்போதும் கவிழும், மீனோடு திரும்பும்போதும் கவிழும். மாவட்டத்தின் வட கோடியில் உள்ள முதலப்பொழி துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு, அதன் மேல் அலை உடைந்து, பல ஆண்டுகளாகப் பல உயிர்கள் போயிருக்கின்றன. 2018 செப்டம்பரில் கேரளத்தைச் சேர்ந்த ஒருவரின் பந்தயப் படகு இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, பூந்துறையிலும் விழிஞத்திலும் இருப்பவர்களுக்கு அதில் புரியாதது எதுவும் இருந்திருக்காது. அதற்குப் பிறகு நடந்தவைதான் அவர்களுக்குப் புதிது.

கவிழ்ந்தவர் கமாண்டர் அபிலாஷ் டோமி. கடற்படை விமானி. அதற்கு 5 ஆண்டுகள் முன்பே பெயர் பெற்றுவிட்டவர். 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து மாதேய் என்ற பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பி, எங்கும் கரை ஒதுங்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று திரும்பினார். அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர். கீர்த்தி சக்ரா விருது கிடைத்தது. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

2018 ஜூலை 1 அன்று பிரான்ஸ் நாட்டின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து கோல்டன் குளோப் போட்டி தொடங்கியது. விசித்திரமான போட்டி. இதன் மூலப் போட்டி 1968-ல் நடந்தது. 9 பேர் புறப்பட்டு, ஒருவர் மட்டுமே முடித்தார். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய சுஹைலி பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. 312 நாள் பயணத்துக்குப் பின் 1969 ஏப்ரலில் அவர் கரை சேர்ந்தார். அதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி நடந்த புதிய போட்டியில், அன்று இல்லாத கருவி எதையும் வழி காணப் பயன்படுத்தக் கூடாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, காகித வரைபடத்தில் புள்ளி வைத்துப் போக வேண்டும். அவசரக் கருவிகள் உண்டு. ஆனால் அவை உயிர் பிழைக்க மட்டுமே. அபிலாஷ் எடுத்துச் சென்ற துரியா, சுஹைலியின் அச்சில் கோவாவில் கட்டிய 32 அடிப் படகு.

செப்டம்பர் 21. துரியா மூன்றாவது இடத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவு. காற்று மணிக்கு சுமார் 130 கி.மீ. வேகம். அலைகள் 14 மீட்டர் உயரம் -- நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நடந்து வருவது போல. துரியா ஒரு முழுச் சுற்று புரண்டது. நிமிர்ந்தபோது பாய்மரங்கள் முறிந்திருந்தன. மேலிருந்து விழுந்த அபிலாஷின் முதுகெலும்பும் முறிந்திருந்தது. எப்படியோ படகின் உள்ளறைக்கு நகர்ந்து சென்று, அவசரக் கருவி மூலம் சுருக்கமான செய்தி அனுப்பினார். படகு உருண்டுவிட்டது, மரம் போய்விட்டது, முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை என்பதே அதன் சாரம்.

படகு எப்படித் தானாக நிமிர்ந்தது? மந்திரம் எதுவும் இல்லை. இத்தகைய படகுகளின் அடியில், படகு கட்டுபவர்கள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டையோடு சேர்த்து, டன் கணக்கில் ஈயமோ இரும்போ பொருத்தியிருப்பார்கள். தலையாட்டிப் பொம்மையின் அடிப்பாரம் போலத்தான். எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்துகொள்ளும். ஆனால் பொம்மைக்கு இல்லாத ஒன்று படகுக்கு உண்டு: உயரமான மரம். படகு உருளும்போது அந்த மரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் விட்டுக் கொடுக்காது. மரம் முறியும். முறிந்த மரம் அத்தோடு போய்விடாமல், இரும்புக் கம்பி வடங்களில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் படகின் வயிற்றில் இடிக்கும். ஓட்டை விழுவதற்குள் வடங்களை வெட்டிவிட வேண்டும். கை கால் நன்றாக இருப்பவருக்கே அது புயலில் பெரும்பாடு. முதுகு ஒடிந்தவரால் ஆகாது.

கை கால் நன்றாக இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் அதே போட்டியில் பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு போட்டியில் மட்டும் 5 படகுகள் பாய்மரத்தை இழந்தன. நார்வே நாட்டின் ஆரே வீக், எஞ்சிய கழிகளைக் கட்டித் தற்காலிக மரம் ஒன்றை நிறுத்தி, யாருடைய உதவியும் இல்லாமல் சுமார் 400 மைல் ஓட்டிக் கேப் டவுன் சேர்ந்தார். அபிலாஷைப் புரட்டிய அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கினும் மரத்தை இழந்தார். அவர் ஒட்டுப்போட்ட மரத்தில் சிறு பாய் கட்டி, கரையை நோக்கி அல்ல, அடிபட்டுக் கிடந்த அபிலாஷை நோக்கிப் படகைத் திருப்பினார். பிரான்சின் ஜான்-லூக் வான் டென் ஹீட் கதை இன்னும் சுவாரஸ்யமானது. நவம்பரில் கேப் ஹார்ன் முனைக்கு 1,900 மைல் மேற்கே அவருடைய படகு கவிழ்ந்து நிமிர்ந்தது. மரம் முறியவில்லை. ஆனால் வடங்களை மரத்தோடு பிடித்திருந்த இணைப்பு நழுவிவிட்டது. சிலி நாட்டில் கரை ஒதுங்கிச் சரிசெய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஒதுங்கினால் முதல் பரிசு கைநழுவும். ஆடும் மரத்தில் பலமுறை ஏறி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அப்படியே ஓட்டினார். 2019 ஜனவரி 29 அன்று வெற்றி. அப்போது அவருக்கு வயது 73. புறப்பட்ட 18 பேரில் முடித்தவர்கள் 5 பேர்தான்.

படகு மனிதனைவிட உறுதியானது என்பது கடலோடிகளுக்குப் பழைய பாடம். 1979-ல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் போட்டி புயலில் சிக்கியது. 303 படகுகளில் புறப்பட்டவர்களில் 15 போட்டியாளர்கள் இறந்தனர். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டனர். அந்த 24-ல் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. கடைசி வரை படகை விட்டு இறங்காதே என்ற விதி அன்றிலிருந்து இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. அபிலாஷ் இறங்கவில்லை. இறங்கவும் முடியாது. மெத்தையில் அசையாமல் கிடந்தார்.

இனிமேல்தான் கரையின் வேலை. படகில் இருந்த அவசர ஒலிபரப்பி, செயற்கைக்கோள் வழியாகத் தான் இருக்கும் இடத்தை அறிவித்தபடி இருந்தது. ஆஸ்திரேலிய மீட்பு மையம் தேடலை ஒருங்கிணைத்தது. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து துரியாவைக் கண்டுபிடித்தது. மரங்கள் முறிந்து பக்கவாட்டில் தொங்க, சின்னஞ்சிறு படகு அலையில் தத்தளிக்கும் படம் உலகெங்கும் வெளியானது. செப்டம்பர் 24 அன்று பிரான்சின் ஒசிரிஸ் என்ற மீன்வளக் காவல் கப்பல் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியது. மெக்கக்கினையும் அதே கப்பல் மீட்டது. ஆம்ஸ்டர்டாம் தீவில் முதல் சிகிச்சை. அங்கிருந்து ஐ.என்.எஸ். சத்புரா அவரை விசாகப்பட்டினம் கொண்டுவந்தது. இடம் தெரிந்ததால், மனித வாடையே இல்லாத கடலிலிருந்து ஒருவரை மூன்றே நாளில் எடுக்க முடிந்தது.

இதற்குப் பத்து மாதம் முன்பு, 2017 நவம்பர் கடைசியில், திருவனந்தபுரம் கடலோரம் வேறொரு கணக்கைப் பார்த்திருந்தது. ஒக்கி புயல் குமரி முனையருகே திரண்டு, மளமளவென்று வலுத்தது. எச்சரிக்கை வந்தபோது பலர் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் ஆனவர்களும் உண்டு. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்தவர்கள் வந்து சொன்ன பிறகே பலருடைய முடிவு தெரிந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. விமானமும் கப்பலும் போகாமல் இல்லை. போயின. எங்கே தேடுவது என்பதுதான் தெரியவில்லை.

இந்த மீனவர்களுக்குக் கவிழ்வதும் செப்பனிடுவதும் தெரியாத வித்தை அல்ல. உலகம் முழுதும் கேட்டமரான் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே தமிழ்க் கடற்கரையின் கட்டுமரம்தான். லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. அதற்கு உள்ளறை கிடையாது. ஆகவே நீர் நிரம்பவும் வழியில்லை. கவிழ்ந்தால் புரட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் பிரித்து உலர்த்தி, மீண்டும் கட்டலாம். 1980-களில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. பின்னர் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வந்தன. தூரம் போக முடிந்தது. மீனும் கிடைத்தது. ஆனால் கட்டுமரத்தின் ஒரு குணம் போய்விட்டது. குழிந்த படகு கவிழ்ந்தால் நீரை வாரிக்கொள்ளும். இயந்திரம் உப்பு நீரில் மூழ்கும். உடனே கழற்றி நன்னீரில் கழுவாவிட்டால் கடன் வாங்கி வாங்கிய இயந்திரம் வீண்.

அப்படியானால் துரியாவைப் போல அடியில் ஈயம் வைத்துவிடலாமே? முடியாது. மணற்கரையில் அலையோடு வந்து ஏறும் படகு லேசாகவும் அடி ஆழமில்லாமலும் இருந்தாக வேண்டும். தன்னைத் தானே நிமிர்த்தும் பாரம் துறைமுகத்தில் கட்டும் படகுக்கு மட்டுமே கிடைத்த வசதி. ஆக, கரைப் படகுக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: தான் எங்கே இருக்கிறோம் என்று கரைக்குச் சொல்லும் கருவி.

அந்தக் கருவியின் கதையில் ஒரு முரண் உண்டு. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா ஒரு மீனவர் கிராமம். 1960-களில் அந்த மக்கள் தங்கள் தேவாலயத்தையும் வீடுகளையும் ராக்கெட் ஏவுதளத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணின் முதல் ராக்கெட் அங்கிருந்துதான் பறந்தது. அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் ஆகியவை பனிப்போர்க் காலத்திலேயே சேர்ந்து அமைத்த செயற்கைக்கோள் மீட்பு வலையில் இந்தியாவும் பங்கேற்கிறது. அதன் இந்திய மையத்தை இஸ்ரோ பெங்களூரில் நடத்துகிறது. மீனவர்களுக்கென்றே தனி அபாய ஒலிபரப்பியையும் இஸ்ரோ உருவாக்கியது. அதன் இரண்டாம் தலைமுறை 2024-ல் வந்தது. உதவி வருகிறது என்ற பதில் படகுக்கே திரும்பி வரும் என்பது அதன் சிறப்பு. ராக்கெட்டுக்கு இடம் கொடுத்த கரையிலிருந்து விண்வெளிக்குப் போன அறிவு, அதே கரையின் படகுகளுக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு பிடித்தது. கருவி இருப்பது வேறு, ஒவ்வொரு சிறு படகிலும் அது வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு.

துரியாவை மீட்கவில்லை. கடலிலேயே விட்டுவிட்டார்கள். மீட்டது ஆளை. அந்த ஆளைச் செப்பனிட வேண்டியிருந்தது. முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை, டைட்டானியம் கம்பிகள். அபிலாஷ் நடக்கப் பழகினார். மறுபடி விமானம் ஓட்டினார். 2021-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 2022 செப்டம்பர் 4 அன்று, அதே துறைமுகத்தில், அதே போட்டிக்கு, பயனாத் என்ற படகோடு வந்து நின்றார்.

இம்முறை படகு கவிழவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகப் பழுதாயிற்று. பாய்கள் கிழிந்தன, தைத்தார். ஆள் தூங்கும்போது காற்றின் திசைக்கேற்பப் படகைத் திருப்பும் சுக்கான் கருவியின் தட்டு உடைந்தது. கழிவறைக் கதவை அறுத்து மாற்றுத் தட்டு செய்துகொண்டார். புறப்பட்ட 16 பேரில் போட்டியின் முழு விதிப்படி முடித்தவர்கள் 3 பேர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலில் வந்தார். இத்தகைய போட்டியில் வென்ற முதல் பெண். நடுவழியில் மூழ்கிய ஃபின்லாந்துப் போட்டியாளர் தாப்பியோ லெஹ்தினனைக் கடலிலிருந்து தூக்கியதும் அவர்தான். தாப்பியோவிடமும் இடத்தைச் சொல்லும் கருவி இருந்தது. 236 நாட்களுக்குப் பின், 2023 ஏப்ரல் 29 அன்று, அபிலாஷ் இரண்டாவதாகக் கரையேறினார்.

முதுகு ஒடிந்தவர் நாலரை ஆண்டில் உலகைச் சுற்றி வந்ததில் அவருடைய மனவுறுதிக்குப் பெரும் பங்கு உண்டு. யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒக்கியில் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் மிதந்தவர்களுக்கு மனவுறுதி குறைவாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், கையில் அடங்கும் ஒரு பெட்டி.