இறங்காமல் சென்ற வழி

புதுக்கோட்டை நகரிலிருந்து கிழக்கே புறப்பட்டால் செம்மண். மேற்கே புறப்பட்டால் கல்! ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் எனக்கு, இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. பொழுதுபோக்கு என்பர் சிலர். பித்து என்பர் பலர். மோட்டார் வண்டி வாங்க வகையற்றவன் என்று எண்ணுவோரும் உண்டு. எண்ணட்டும்! நாற்பத்தைந்து வயதைக் கடந்த நான், ஏட்டில் படித்தறியாத சிலவற்றை இந்த இரு உருளைகளின்மீது அமர்ந்துதான் அறிந்தேன். அதனைச் சொல்லவே இதை எழுதுகிறேன், தோழர்களே!

கிழக்கு வழி கண்ணுக்கு விருந்து. திருவரங்குளம் கடந்தால் வம்பன். உளுந்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. அங்குள்ள பயறு ஆராய்ச்சி மையம் கண்ட உளுந்து வகைகள் 'வம்பன்' என்ற பெயரோடுதான் உழவர் கைக்குப் போகின்றன. அப்பால் ஆலங்குடி, அதற்கும் அப்பால் பலா மணக்கும் வடகாடு, பூவை மூட்டை மூட்டையாக நிறுத்து விற்கும் கீரமங்கலம். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கசா புயல் இந்தத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. சாய்ந்த இடத்திலேயே புதுக்கன்று நட்டவர்கள் இந்த மக்கள். மண்ணைத் துளைத்து எரிபொருள் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2017-இல் நாட்கணக்கில் அமர்ந்து போராடிய நெடுவாசலும் இவ்வழியில்தான். உழைப்பும் உறுதியும் ஒருங்கே விளையும் செம்மண்!

மேற்கு வழி உடலுக்குச் சோதனை. ஆடி மாதத்தில் எதிர்க்காற்று மார்பில் கை வைத்துத் தள்ளும். சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து டியூபைப் பதம் பார்க்கும். நிழலென்று நம்பித் தைலமரக் காட்டோரம் ஒதுங்கினால், அங்கு நிழலும் இராது, நீரும் இராது. ஆயினும் 16 கிலோமீட்டர் மிதித்தால் சித்தன்னவாசல். சமண முனிவர் படுத்த கற்படுக்கையும், அதில் வெட்டிய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழ் எழுத்தும், குடைவரையின் விதானத்தில் தீட்டிய தாமரைத் தடாகமும் அங்கே உண்டு. அன்னவாசல் வழியே மேலும் சென்றால் குடுமியான்மலை. இசையின் இலக்கணத்தைப் பாறையிலே பொறித்து வைத்த ஊர். கல்லிலே கலை கண்டனர், கல்லிலே எழுத்துக் கண்டனர், கல்லிலே இசையும் கண்டனர். ஆனால் அந்தக் கல்லை உடைத்துச் சாலைக்குச் சல்லியாக்கிய கைகள் எவருடையவை? அதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. என் அன்னையாரின் கைகள் அவற்றுள் இரண்டு.

காரில் செல்வோன் ஊரைப் பார்க்கிறான். மிதிவண்டியில் செல்வோன் ஊரை உணர்கிறான். இருக்கையின் வழியே உணர்கிறான்! ஊர்க்கோயில் வரை, பெரிய வீடுகளின் வாயில் வரை, தார்ச்சாலை வழுவழுவென்று வரும். பிறகு ஒரு வளைவு, ஒரு வாய்க்கால், அதோடு தார் நின்றுவிடும். கப்பி தொடங்கும், குழி தொடங்கும், பெடலை மிதிக்கும் கால் வலிக்கத் தொடங்கும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சேரி தொடங்கிவிட்டது என்று பொருள். எல்லா ஊரிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தார் ஓடும் ஊர்களும் இருக்கின்றன, அவற்றில் மிதிக்கும்போது மனமும் வழுவழுப்பாகிறது. ஆனால் எத்தனை ஊர்களில் சாலை நின்ற இடம் சாதி நின்ற இடமாக இருக்கிறது என்பதை என் முதுகெலும்பு அறியும்!

என் தந்தையார் 1974-இல் ஒரு பழைய மிதிவண்டி வாங்கினார். புதுக்கோட்டை தனி மாவட்டமான ஆண்டு அது. தீண்டாமையை ஒழித்தோம் என்று அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-இல் பிரகடனம் செய்துவிட்டது. பொதுச்சாலையில் செல்வோனைத் தடுப்பது குற்றம் என்று 1955-இல் தனிச்சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டங்கள் எங்கள் ஊர் அரசமரம் வரையில் வந்து நின்றுவிட்டன போலும்! அரசமரத்தடியில் தந்தையார் வண்டியை விட்டு இறங்குவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். தெருவின் அடுத்த முனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். முனை தாண்டியதும் ஏறிக்கொள்வார். 'இது எழுதாத சட்டம்' என்பார்கள். எழுதிய சட்டத்தை மீற அஞ்சாதவர்களும் எழுதாத சட்டத்தை மீற அஞ்சிய காலம்!

அந்தத் தெருவைத் தவிர்க்க வேண்டுமானால் கண்மாய்க் கரையைச் சுற்ற வேண்டும். இரண்டு கல் தொலைவு கூடுதல். எங்கள் மக்கள் பலர் அந்த இரண்டு கல்லைச் சுற்றினர். நடந்தும் தள்ளியும் பட்ட இழிவைவிட, சுற்றிப் பட்ட களைப்பு மேலென்று எண்ணினர். வரைபடத்தில் குறுகிய வழி ஒன்று; வாழ்க்கையில் குறுகிய வழி வேறொன்று!

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியராக இருந்த சீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்கள் கையில் கொடுக்க முனைந்தார். மிதிவண்டிக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர் பலர். இரவுப் பள்ளிக்குப் போக வேண்டும், போக வேண்டுமானால் கணவனையோ மகனையோ எதிர்பார்த்து நிற்கக் கூடாது, இதுதான் தொடர்பு! வயல்வேலை செய்தோர், கல்லுடைத்தோர், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள் என ஆயிரமாயிரம் பெண்கள் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே கற்றனர். 1992 மார்ச் 8, உலகப் பெண்கள் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலிக்கப் புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டியில் உலா வந்தனர். முத்துலட்சுமி அம்மையார் கல்லூரியிற் சேர்ந்தபோது எதிர்ப்புக் குரல் எழுந்த அதே புதுக்கோட்டையில்!

உலகத்துக்கு இது புதிதன்று. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இரு உருளைகளும் ஒத்த அளவாக, செயினால் இயங்கும் வண்டியைக் கண்டார். 1888-இல் டன்லப் அதற்குக் காற்றடைத்த டயர் தந்தார். அமெரிக்காவில் பெண்ணுரிமைக்குப் போரிட்ட சூசன் அந்தோணி அம்மையார், பெண்ணின் விடுதலைக்கு மிதிவண்டி செய்த உதவியை வேறெதுவும் செய்ததில்லை என்ற கருத்தை 1896-இலேயே கூறினார். அங்கு தோன்றிய அந்த உண்மை எங்கள் கண்மாயின் காய்ந்த தரைக்கு வந்து சேர ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

ஆம், கண்மாயின் தரையில்தான் என் அன்னையார் கற்றார். அப்போது அவருக்கு 34 வயது, எனக்கு 12. நீர் வற்றிய கண்மாய்க்குத் தெரு ஏது, சேரி ஏது? ஊர்ப்பெண்களும் சேரிப்பெண்களும் ஒரே வண்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தனர். ஒரே புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தனர். ஒருநாள் மாலை, பன்னிரண்டு பெண்கள் ஆறு வண்டிகளில், ஒருவர் மிதிக்க ஒருவர் கேரியரில் அமர, பக்கத்து ஊர் அறிவொளி மையத்துக்குப் புறப்பட்டனர். கரையைச் சுற்றவில்லை. நேரே அரசமரத்தை நோக்கி வந்தனர். என் அன்னையாரின் கேரியரில் அமர்ந்திருந்தவர் அந்தத் தெருவைச் சேர்ந்த பெண்.

திண்ணையிலிருந்து குரல் வந்தது: "யாரது? வண்டியை விட்டு இறங்குங்க!"

அன்னையார் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாராம்: "எனக்கு இறங்கத் தெரியாதுங்க, ஐயா! இதுவரைக்கும் ஏறத்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க!"

தெரு சிரித்துவிட்டது. சிரிப்பை அடக்கி முடிப்பதற்குள் ஆறு வண்டிகளும் மறுமுனையைக் கடந்துவிட்டன.

கதையாக இருந்தால் இத்துடன் முடிக்கலாம். வாழ்க்கை அல்லவா! மறுநாள் தந்தையாருக்கு அந்தத் தெருவார் வயலில் வேலை இல்லை. அடுத்த நாளும் இல்லை. இரண்டு போகம் இல்லை. தந்தையார் நான்கு நாள் அன்னையாருடன் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினார். "சோறு போடுமா உன் சைக்கிள்?" என்றார். அன்னையார் மறுமொழி கூறவில்லை. மறுவாரம் முதல், நடந்து போக முடியாத தொலைவிலிருந்த கல்குவாரிக்கு மிதிவண்டியில் போனார். கூலி கூடுதலாகக் கிடைத்தது. கொல்லையில் விளைந்த கத்தரியையும் அவரையையும் அன்னவாசல் சந்தைக்குத் தாமே கொண்டு போனார். போட்டது, தோழர்களே! மிதிவண்டி சோறு போட்டது!

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு தெருவாரின் வல்லமை அவர்கள் நிலத்தில் மட்டும் இல்லை. எங்கள் கால்களின் எல்லையிலும் இருந்தது. நடந்து போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவு எவ்வளவோ, அவ்வளவே எங்கள் உலகம். அந்த வட்டத்துக்குள் வேலை தருபவன் ஒருவனே என்றால், அவனே சட்டம், அவனே நீதிபதி! இரண்டு உருளைகள் அந்த வட்டத்தை நான்கு மடங்கு பெருக்கின. வட்டம் பெருகியதும் பிடி தளர்ந்தது.

இன்று அந்தத் தெருவில் எவரும் எவரையும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் தந்தையார் இறங்குகிறார்! எழுபத்தைந்து வயதிலும் வண்டி ஓட்டும் அவர், அரசமரம் வந்ததும் இறங்குகிறார். சென்ற ஆண்டு என் அண்ணன் மகள், பள்ளியில் அரசு கொடுத்த மிதிவண்டியில் அவருடன் சென்றவள், திகைத்துக் கேட்டாள்: "ஏன் தாத்தா, டயர் பஞ்சரா?"

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். பிறகு தம் காலைப் பார்த்தார். "இல்லம்மா. கால் தானா இறங்கிடுச்சு" என்றார்.

சட்டம் 1950-இல் நீக்கியதை, என் அன்னையார் 1992-இல் உடைத்ததை, அந்தக் கால் இன்னும் அறியவில்லை!

தந்தையாரைக் குறை கூறவா இதை எழுதுகிறேன்? இல்லை; என்னைக் குறை கூற எழுதுகிறேன். சில திங்களுக்கு முன், கிழக்கு வழியில் ஒரு சிற்றூரில் தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தினேன். பெஞ்சில் இருந்த பெரியவர் அன்போடுதான் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு? எந்தப் பக்கம் வீடு?" நாட்டுப்புறத்தில் இந்த இரண்டாவது கேள்வியின் பொருள் என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். "புதுக்கோட்டை டவுன்" என்றேன். ஊரைச் சொல்லவில்லை, பக்கத்தைச் சொல்லவில்லை. மேடைகளில் முழங்கும் நா அன்று அரை வாக்கியத்தோடு அடங்கிற்று. தேநீரைக் குடித்து, வண்டியேறி, பத்துக் கல் வந்த பிறகுதான் உறைத்தது. நான் அங்கே வண்டியை விட்டு இறங்கவில்லை, ஆனால் இறங்கிவிட்டேன்! தந்தையாரின் காலில் இருந்தது என் நாவில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அதே வழியில் சென்றேன். அதே கடை, அதே பெஞ்ச், அதே பெரியவர். அவர் கேட்கு முன்பே ஊரைச் சொன்னேன், பக்கத்தையும் சொன்னேன். அவர் ஒன்றும் கூறவில்லை. தேநீர் வந்தது, மற்றவர்களுக்கு வந்த அதே கண்ணாடிக் குவளையில்தான் வந்தது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. வெற்றியா தோல்வியா என்று கேட்காதீர்கள். இப்போதும் அவ்வழி செல்லும்போதெல்லாம் அங்கே நிறுத்துகிறேன். மூன்றாம் முறை அவரே "வாங்க" என்றார். அவ்வளவுதான் இதுவரை.

இளைஞர்களே! உங்களில் பலரிடம் மிதிவண்டி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு மிதிவண்டி தரும் திட்டம் 2001-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவியரோடு தொடங்கி, பின்னர் அனைவர்க்கும் விரிந்தது. ஆயினும் பள்ளி முடிந்ததும் எத்தனைப் பெண்களின் வண்டி தம்பிக்குப் போகிறது, அல்லது தாழ்வாரத்தில் துருப்பிடிக்கிறது என்பதை உங்கள் வீட்டிலேயே பாருங்கள். அந்த வண்டிக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, உரியவளிடமே திருப்பிக் கொடுங்கள். ஞாயிறு காலையில் அவளுடன் புறப்படுங்கள்.

வழி எது என்று கேட்பீர்கள். கிழக்கோ மேற்கோ, எதுவாயினும் சரி. ஊருக்குள் நுழைந்து பெரிய தெருவின் வழியே செல்லுங்கள், இறங்காதீர்கள். பிறகு அங்கேயே திரும்பிவிடாதீர்கள். தார் நின்ற இடத்துக்கு அப்பாலும் மிதியுங்கள். கால் வலிக்கும், வலிக்கட்டும்! யார் வீட்டுப் பிள்ளை என்று எவரேனும் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.

வருகின்ற ஞாயிறு நானும் என் அண்ணன் மகளும் மேற்கே செல்கிறோம். தந்தையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "அரசமரத்துக்கிட்ட நீ எனக்கு முன்னாடி போம்மா, உன்னைப் பார்த்துக்கிட்டே மிதிச்சுடுறேன்" என்று பேத்தியிடம் சொன்னாராம்.

சாலை போட்டவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்த வேண்டியதில்லை!