பிழை திருத்துபவனின் பகல்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருப்பது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு கிணற்றில் குளிப்பதைப் போன்றது. யாரும் தடுப்பதில்லை. எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு எங்கள் தெரு சீருடைகளால் நிறைந்துவிடுகிறது. பன்னிரண்டு வயது மகள் நடைவாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு வயது மகன் பார்ப்பதில்லை. அவனுக்குப் படிக்கட்டு இடுக்கில் எறும்புகள் இருக்கின்றன.

சற்றுத் தள்ளியிருக்கும் பள்ளியின் மணி எங்கள் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். முதல் மணிக்கு நான் இட்லித் தட்டுகளைக் கழுவி முடித்திருப்பேன். இடைவேளை மணிக்குக் காப்பி. மதிய மணிக்குச் சோறு. பள்ளியை வேண்டாமென்று தள்ளியவன் வீட்டுப் பகலையும் பள்ளியின் மணியே பகுத்துக்கொடுக்கிறது. இந்த முரண் எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை.

என் மனைவிக்குத் தூத்துக்குடியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். வீட்டில் இருப்பவன் நான். பதிப்பகங்களுக்கும் அச்சகங்களுக்கும் புரூஃப் பார்க்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். நான் சொல்ல வந்த வியாழக்கிழமையன்று மூன்று பாரம், அதாவது 48 பக்கம், மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கல்வி வரலாறு பற்றி எழுதிய கட்டுரைகள். அன்றைக்கே நண்பர்கள் இருவர் வருவதாகவும் சொல்லியிருந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை ஓடியதை வரிசையாகச் சொல்ல முடியாது. மகள் பின்னத்தில் சந்தேகம் கேட்டாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மகன் குழாயடியில் ஒரு தவளையைக் கண்டுபிடித்து, அது மூச்சுவிடும்போது அசைவது வயிறா தொண்டையா என்று ஒரு கேள்வியைக் கொண்டுவந்தான். நாங்கள் மூவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். தொண்டை. அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் நான் பெருமையாகப் பேசுவேன். பருப்பு அடிப்பிடித்ததைச் சொல்ல மாட்டேன்.

பேராசிரியரின் கட்டுரை ஆண்ட்ரூ பெல்லைப் பற்றியது. 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர். நம்மூர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனை மற்றவர்களுக்கு அகரவரிசை சொல்லிக்கொடுக்க வைத்தார். இங்கிலாந்து திரும்பிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது. பல நூறு பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஒரே கூரையின்கீழ் பயிற்ற அது தோதாக இருந்தது. திண்ணை மணலிலிருந்து கப்பலேறிப் போனது பெரிய கூடமாகி நின்றது என்று பேராசிரியர் முடித்திருந்தார். நல்ல கட்டுரை. எழுத்துகளைப் பார்க்க வேண்டியவன் கட்டுரையைப் படித்துவிட்டேன். புரூஃப் பார்ப்பவன் செய்யக்கூடாத காரியம் இது. அர்த்தம் புரிய ஆரம்பித்தால் பிழை மறைந்துவிடும். அதுவும், அந்த எட்டு வயதுப் பையன் என் நினைவில் ஏறி உட்கார்ந்துவிட்டான். என் பையனுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை.

பதினொன்றேகாலுக்கு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் கவிஞர், அதிகம் பேசமாட்டார். மற்றவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். பழைய பேப்பர் கடையில் கிடைத்ததென்று ஒரு கட்டுப் பத்திரிகைகள் கொண்டுவந்திருந்தார். 1973-ஐச் சேர்ந்த சிற்றேடுகள், பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து. கவிஞர் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் சாம்பாரைத் தாளித்துக்கொண்டே பதில் சொன்னேன். அண்ணாச்சி மகனைக் கூப்பிட்டார்.

“ஏ தம்பி, இங்க வா. இந்த வரிய வாசி பாப்போம்.”

அவன் விரல் வைத்து ஆரம்பித்தான். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டான். “இதுல யானை இருக்கு” என்றான். பார்த்தேன். பழைய ‘லை’. முன்னால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் எழுத்து. 1978-ல் அரசாணையால் மாற்றப்பட்ட 13 எழுத்துகளில் ஒன்று. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நான் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தேன்: இந்த எழுத்தை அவன் பார்த்ததே இல்லை, அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது, அவன்மேல் தப்பில்லை என்று. நீளமாகப் பேசினேன். அந்த எழுத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த அன்றைய செய்தித்தாளை எடுத்து அவன் முன் விரித்தார். அதில் யானை இல்லை. பையன் இரண்டு எழுத்துகளைச் சொன்னான். மூன்றாவதில் நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். பேப்பரைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அண்ணாச்சி பேப்பரை மடித்து, “போ, போய் வெளயாடு” என்றார். முப்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை அப்படிப் போகச் சொல்லியிருப்பாரோ, குரலில் குத்தல் இல்லை. அவன் போன பிறகுதான் என்னிடம் கேட்டார்:

“பரீட்சையே கிடையாதாவே வீட்ல?”

“கிடையாது அண்ணாச்சி. அதுக்காகத்தானே வீட்ல வச்சிருக்கேன்.”

மகள் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

“உண்டு மாமா. அப்பா மூஞ்சிதான்.”

கவிஞர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, எல்லோரும் திண்ணையில் இருந்தபோது, தயாராக வைத்திருந்ததைப் போலச் சொன்னாள்: “ஜூன்ல நான் ஸ்கூலுக்குப் போறேம்பா. இங்க நீங்க ஒருத்தர்தான். கணக்கு போட்டு முடிக்கதுக்குள்ள உங்க மூஞ்சியப் பாத்தே சரியா தப்பான்னு தெரிஞ்சிருது. தப்பா போட்டா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அதுதான் கஷ்டமா இருக்கு.”

இதற்குப் பதில் சொல்ல வாதங்கள் என்னிடம் ஏராளம். இவான் இல்லிச் 1971-ல் எழுதியதிலிருந்து எடுக்கலாம். ஜான் ஹோல்ட் 1964-ல் பிள்ளைகள் தோற்பதைப் பற்றி எழுதியதிலிருந்து எடுக்கலாம். வகுப்பில் பிள்ளைகள் விடையைத் தேடுவதில்லை, ஆசிரியரின் முகத்தில்தான் தேடுகிறார்கள் என்று ஹோல்ட் கண்டுகொண்டதைப் படித்துத்தான் நான் இதில் இறங்கினேன். அந்த முகம் என்னுடையதாக இருக்கக்கூடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. பள்ளியில் மதிப்பெண் ஒரு தாளில் இருக்கிறது. அதை வெறுக்கலாம், கிழிக்கலாம், ஒளித்துவைக்கலாம். வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைக்கலாம். நாற்பது பேருக்கு நடுவில் மறைந்து உட்காரலாம். அப்பாவின் முகத்தை என்ன செய்ய முடியும்? நான் ஒரு ஸ்தாபனத்தைக் கலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை என் கண்ணுக்கும் நெற்றிச் சுருக்கத்துக்கும் இடம் மாற்றியிருக்கிறேன்.

இது பள்ளிக்கூடத்துக்கான வக்காலத்து அல்ல. பள்ளியில் நான் பட்டதை மறக்கவில்லை. ஆனால் என் காயத்துக்கு நான் கட்டிக்கொண்ட துணியை என் பிள்ளைகளுக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டிருக்கிறேனோ என்ற சந்தேகம் அன்று மதியம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

சட்டப்படி தடையேதும் இல்லை என்று அண்ணாச்சி அவளுக்கு விவரமாகச் சொன்னார். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. முன்பு பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் அவளுக்காக யோசித்து வைத்திருந்தது திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதற்கு 14 வயதாக வேண்டும். “அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே” என்று அவள் சொன்னதில், ரெண்டு வருஷம் என்பது வெகு நீளமாக ஒலித்தது.

நண்பர்கள் மூன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். கவிஞர் போகும்போது என் தோளைத் தொட்டார். அவருடைய பிள்ளைகள் விடுதியில் படித்தவர்கள். இப்போது கடிதம்கூடப் போடுவதில்லை. அதை அவர் அன்று சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பத்தொன்பது பக்கம் பார்த்தேன். ஐந்து அடிப்பதற்கு முன் அனுப்பிவிட்டேன்.

இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “எங்கிட்ட போன வருஷமே சொல்லிட்டா” என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கு மதியமே கிடைத்துவிட்டது.

படுக்கப்போகுமுன் அனுப்பிய பக்கங்களை ஒருமுறை புரட்டினேன். பெல்லின் புத்தகம் 1797-ல் வந்தது. 1779 என்று இருந்தது. எழும்பூரில் பொறுப்பேற்பதற்குப் பத்து வருஷம் முன்பே மனிதர் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி முடித்திருக்கிறார். அச்சகத்துக்காரரை எழுப்பிச் சொன்னேன். “காலைல மாத்திருவோம் சார்” என்றார்.

தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனபோது விளக்கைப் போட்டேன். சிமெண்டுத் தரை முழுக்கச் சாக்கட்டி. தும்பிக்கை தூக்கிய ‘லை’, பெரிதும் சிறிதுமாக, வரிசை வரிசையாக. எப்போது எழுதினான் என்று தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் எழுதிய முதல் எழுத்து, இன்று எங்கும் அச்சாகாத எழுத்து. ஒன்றிரண்டில் தும்பிக்கை இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் போயிருந்தது. குனிந்து சாக்கட்டியை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். அப்படியே விட்டது கொள்கையினாலா களைப்பினாலா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.