பந்தில் பூத்த கண்ணாடிக் கோலிகள்

போன கோடையில் அமெரிக்காவில், மில்வாக்கியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். 1908-லேயே பௌலிங் கூடம் வந்த ஊர் அது. பக்கத்து வீட்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவே தகதகவென்று ஒரு நீல உருண்டை! கிட்டப் போனால், பழைய பௌலிங் பந்து. 7 கிலோ கனம் இருக்கும்.

"என் வீட்டுக்காரர் ஆடினது. அவர் போனப்புறம் தூக்கிப்போட மனசு வரலை" என்றார் அந்த அம்மாள்.

பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, அடிப்பக்கம் தட்டையான கண்ணாடிக் கோலிகளைச் சிலிகான் பசையால் வரிசையாக ஒட்டியிருக்கிறார். ஒருநாள் முழுக்கக் காயணுமாம். பனி கொட்டுமுன் உள்ளே எடுத்து வைத்துவிடுவாராம்.

விரல் நுழைக்கும் மூன்று துளைகளை மட்டும் மூடவில்லை. "அவர் விரல் பட்ட இடமாச்சே!"

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பரணில் கிடந்த அப்பாவின் கைத்தடியை இறக்கித் துடைத்து, கூடத்தில் வைத்தேன்.