ஈஸ்ட்டுக்குப் பசித்தால்

பீப்பாய் பொங்காமல் நின்றுவிட்டால் நம்மவர்கள் முதலில் செய்வது இன்னும் ஒரு கை ஈஸ்ட் அள்ளிப் போடுவது. அதற்கும் அசையாவிட்டால் இன்னும் ஒரு கிலோ சீனி. இரண்டுமே பிழை. தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி செய்கிறவன் என்ற வகையில் சொல்கிறேன், ஈஸ்ட் காரணமில்லாமல் வேலையை நிறுத்துவதில்லை. சாப்பாடு போதாமல் இருக்கும், புளிப்புத் தாங்காமல் இருக்கும், சூடு தாங்காமல் இருக்கும். எதுவென்று பார்க்காமல் மேலும் மேலும் கொட்டினால் கைக்காசுதான் போகும்.

இந்தத் தொழில் புத்தளம் கரையோரத்துக்கு உரியது. குருநாகல், கம்பஹா, புத்தளம் மூன்று மாவட்டங்களையும்தான் தென்னை முக்கோணம் என்கிறோம். வென்னப்புவையிலிருந்து மாரவில, மாதம்பை, சிலாபம் என்று வடக்கே வரும்வரை கண்ணுக்கெட்டிய தூரம் தென்னைதான். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான், லுணுவிலையில் இருக்கிறது. துருவல் ஆலைகளில் தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய ஆலைகள் சில இப்போது தண்ணீரையும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கின்றன. சின்ன இடங்களில் அது இன்னும் வடிகானுக்குத்தான் போகிறது. வடிகானில் அது அழுகி, போய்ச் சேரும் ஓடையின் ஒட்சிசனைத் தின்று மீனைக் கொல்கிறது. அதே தண்ணீர் பீப்பாய்க்குள் வந்தால் நல்ல வினாகிரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதி வழிவரை கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவரின் வேலையும் என் வேலையும் ஒன்றுதான். சீனி, தண்ணீர், ஈஸ்ட், பீப்பாய். களப்போரத்துக் கண்டல் காட்டுக்குள் புதைத்து வைத்த கோடா, அதாவது வடிப்பதற்காகப் புளிக்கவைத்த கலவை, பிடிபட்டது என்று பத்திரிகையில் வருகிறதே, அந்தக் கோடாவுக்குள்ளும் என் பீப்பாய்க்குள்ளும் நடப்பது ஒரே காரியம்: சர்க்கரை மதுசாரமாகிறது. அதன் பிறகு வழி பிரிகிறது. அவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், நான் காற்றுப் பட வைக்கிறேன். அனுமதியில்லாமல் மதுசாரம் வடிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோடாவை ஆக்கும் விதம் தெரிந்தவர் அதன் வடிநீரை வாயில் வைக்கமாட்டார்.

ஏனென்றால் வெறும் சீனித் தண்ணீர் ஈஸ்ட்டுக்குப் பட்டினிச் சாப்பாடு. வெள்ளைச் சீனியில் மாச்சத்து மட்டும்தான் உண்டு, நைதரசன் இல்லை, உப்புச் சத்து இல்லை, விற்றமின் இல்லை. ஈஸ்ட் பெருக வேண்டுமானால் புரதம் கட்ட வேண்டும், அதற்கு நைதரசன் வேண்டும். அது கிடைக்காத கோடா இரண்டு நாள் பொங்கிவிட்டுப் படுத்துவிடும். அதைக் கிளப்பத்தான் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். மதுசாரமுள்ள இடத்தில் யூரியா நின்றால் எத்தில் காபமேற்று என்ற பொருள் உண்டாகும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று சந்தேகிக்கப்படும் பொருட்களில் அதுவும் ஒன்று. வயலுக்குப் போடுவதை வாய்க்குப் போகும் பீப்பாயில் போடக்கூடாது. வினாகிரி செய்கிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். ஊட்டம் வேண்டுமென்றால் உணவுத் தரத்திலான இரு அமோனியம் பொசுபேற்று இருக்கிறது. 100 லீற்றருக்கு 30 முதல் 50 கிராம் தாராளம். அதுவும் இல்லாதபோது, பழைய ஈஸ்ட் கொஞ்சத்தைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட்டை உயிருள்ள ஈஸ்ட் தின்னும்.

தேங்காய்த் தண்ணீரின் அருமை இங்கேதான். முற்றிய காயின் தண்ணீரில் சர்க்கரை 2, 3 சதவீதம்தான் இருக்கும், அது வினாகிரிக்குப் போதாது. ஆனால் பொட்டாசியம், அமினோ அமிலம், விற்றமின் எல்லாம் அதில் உண்டு. சீனியை மட்டும் நாம் சேர்த்தால் போதும். 100 லீற்றருக்கு 10 கிலோ என்பது என் கணக்கு. லீற்றருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 1 சதவீத மதுசாரத்தைத் தரும், ஆகவே பீப்பாய் 7 சதவீதத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் அசற்றிக் அமிலமுள்ள வினாகிரி வரும். சந்தைக்கு 4 சதவீதமே போதும். சீனியைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சி உடைக்க வேண்டும் என்று சிலர் விறகைச் செலவழிக்கிறார்கள். தேவையில்லை. கரும்புச் சீனியை உடைக்கும் நொதியம் ஈஸ்ட்டிடமே இருக்கிறது.

எந்த ஈஸ்ட் என்று கேட்பவர்கள் அதிகம். பேக்கரி ஈஸ்ட் போதும் என்பது என் முடிவு. மா புளிக்க வளர்த்த இனம் அது, நுரை அதிகம் தள்ளும், அடியில் படியச் சுணங்கும். ஆனாலும் 10 சதவீத மதுசாரம்வரை தாக்குப்பிடிக்கும், நமக்குத் தேவை 7. பிரான்சின் ஷம்பேன் பகுதியிலிருந்து வந்த ஈசி-1118 போன்ற வைன் இனங்கள் 18 சதவீதம்வரை போகும், கிடைத்தால் போடுங்கள், துப்புரவாக வேலை செய்து கல் மாதிரி படியும். கிடைக்கவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை. டர்போ என்ற பெயரில் வரும் பொதிகள் வடிப்பவர்களுக்காகச் செய்தவை. பொதியிலேயே நிறைத்து வைத்திருக்கும் உரச்சத்து கடைசியில் வினாகிரியின் ருசியில் நிற்கும். எனக்கு அது வேண்டாம்.

நாலாவதாக நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது, கள்ளின் அடிமண்டி. ஈஸ்ட் பொதி கடைக்கு வருமுன் அப்பமாவைப் புளிக்கவைத்தது கள்தான். அந்தக் கள்ளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று 1986இல் அற்புதராஜா, விதானபத்திரன, சமரஜீவ மூவரும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். எட்டுப் பேரினங்களைச் சேர்ந்த 17 வகை ஈஸ்ட்டுகளை அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். முதலில் இலற்றிக் புளிப்பு, நடுவில் மதுசாரம், கடைசியில் அசற்றிக் புளிப்பு என்று மூன்று கட்டங்களாகக் கள் புளிக்கிறது என்றும் காட்டினார்கள். அடிமண்டியைப் போட்டால் இந்தக் கூட்டம் முழுவதும் பீப்பாய்க்குள் வரும். வாசம் அபாரமாக இருக்கும். பேக்கரி ஈஸ்ட்டின் வினாகிரி அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் மதுசாரம் முடியுமுன்பே, மதுசாரத்தை வினாகிரியாக்கும் அசற்றிக் பற்றீரியா வேலையைத் தொடங்கிவிடும், அந்தப் புளிப்பில் ஈஸ்ட் பாதியில் சோர்ந்துவிடும். விற்பனைக்குச் செய்கிறவர் பேக்கரி ஈஸ்ட்டில் தொடங்கட்டும். வீட்டுத் தேவைக்கு ஒரு சாடி போடுகிறவர் கள் மண்டியில் செய்து பார்க்கட்டும், அந்த ருசியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனத்தை விட முக்கியம் ஈஸ்ட்டின் உயிர். கடையில் சின்னப் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பது எத்தனை நாள் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை தொப்பி கட்டினால் போடலாம், கலங்கிய தண்ணீராகவே நின்றால் எறியுங்கள். உடைத்த பொதியை இறுக்கமான போத்தலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

கற்பிட்டிப் பக்கம் அச்சாறு போட்டு விற்கும் ஒரு பெண் போத்தலில் மாதிரி எடுத்துக்கொண்டு வந்தார். நாலு நாளில் சத்தம் அடங்கிவிட்டதாம்.

“அண்ணே, ஈஸ்ட் செத்துப்போச்சு. இன்னும் ரெண்டு கிலோ சீனி போடவா?”

அடர்த்தி பார்க்கும் நீரமானியை இறக்கினேன். தொடங்கும்போது 1.048 காட்டியது இப்போது 1.000க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இனிப்பே இல்லை. ஈஸ்ட் சாகவில்லை, வேலையை முடித்துவிட்டது. இரண்டு கிலோவையும் போட்டிருந்தால் மதுசாரம் இன்னும் ஏறி, அடுத்த கட்டத்தில் அசற்றிக் பற்றீரியாவைத் திணறடித்திருக்கும். மேலே பார்த்தால் முடிந்த பீப்பாயும் இடையில் நின்ற பீப்பாயும் ஒரே மாதிரிதான். நீரமானி ஒன்றுதான் இரண்டையும் பிரித்துச் சொல்லும். வாங்கச் சக்தியுள்ளவர் முதலில் வாங்க வேண்டிய கருவி அது.

நிஜமாகவே 1.020, 1.030இல் நின்றுவிட்ட பீப்பாயானால் அடுத்துப் புளிப்பைப் பார்க்க வேண்டும். தேங்காய்த் தண்ணீர் குறைவு என்று கிணற்றுத் தண்ணீரும் சீனியும் ஊற்றிப் பெருக்கியிருந்தால் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. ஈஸ்ட் அமோனியத்தை உண்ணும்போது அமிலத்தை வெளியே தள்ளும். தேங்காய்த் தண்ணீரில் அதைத் தாங்கும் உப்புகள் இருக்கின்றன. சீனித் தண்ணீரில் எதுவும் இல்லாததால் பீ.எச். 3க்கும் கீழே சரிந்துவிடும், ஈஸ்ட் வாயை மூடிக்கொள்ளும். இதற்கு நம் களப்பே மருந்து தருகிறது. சிப்பி ஓட்டைக் கழுவிக் கொதிக்கவைத்து, உடைத்துத் துணியில் முடிந்து பீப்பாய்க்குள் தொங்கவிடுங்கள். புளிப்பு ஏற ஏற ஓடு கரையும், புளிப்புத் தணிந்தால் அப்படியே கிடக்கும். அளவு தப்புமோ என்ற பயம் இல்லை. நீற்றின சுண்ணாம்பு அப்படியல்ல, ஒரு கரண்டி கூடினாலே பீப்பாய் காரமாகிவிடும். கள் முட்டியில் சுண்ணாம்பு தடவுவதே கள் புளிக்காமல் இருக்கத்தானே.

கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறு என்றால் இன்னொன்றும் உண்டு. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குப் போட்ட உரம் மணலில் இறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைதரசன்தானே, ஈஸ்ட்டுக்கு நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். பேக்கரி ஈஸ்ட்டால் நைத்திரேற்றை உண்ண முடியாது. அது அப்படியே வினாகிரியில் தங்கி அச்சாற்றுக்குள் போகும். அந்தத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள்.

சூடு மூன்றாவது. ஈஸ்ட்டுக்கு 30 பாகை நல்லது, 36, 38ஐத் தாண்டினால் அவதி. பொங்கும் பீப்பாய் தானாகவும் சூடேறும். 200 லீற்றர்ப் பீப்பாய் வெளிக்காற்றைவிடச் சில பாகை கூடுதலாக நிற்கும். பங்குனி, சித்திரையில் காற்றும் படுத்துவிடும், என்னிடம் “நின்றுபோச்சு” என்று வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டு மாதத்தில்தான் வருகிறார்கள். சோளகம் எழும்பினால் ஈரச்சாக்கைச் சுற்றி வைத்தாலே போதும், காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று பீப்பாயையும் ஆற்றிவிடும். காற்றில்லாத மாதங்களில் 50 லீற்றர்க் கலங்களாகப் பிரித்து, பொழுது சாய்ந்தபின் ஈஸ்ட் போடுங்கள். சூட்டில் நின்றதைக் குளிரவைத்தால் பல வேளை தானே எழும்பும். எழும்பாவிட்டால் தனிக் கலத்தில் புது ஈஸ்ட்டைக் கிளப்பி, நின்ற பீப்பாயின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துப் பழக்க வேண்டும். வெறும் தூளை மேலே தூவுவதில் பயனில்லை, மதுசாரமும் புளிப்பும் அதை இறங்கிய இடத்திலேயே கொன்றுவிடும்.

மூக்கும் ஒரு கருவிதான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட் நைதரசன் கேட்கிறது. பொங்கலின் முற்பாதி என்றால் ஊட்டம் கொடுங்கள், பிற்பாதி என்றால் கிளறிக் காற்றாட விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு வாடை வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது. உள்ளே புகுந்தது யார் என்று கண்ணால் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். 1856இல் பிரான்சின் லில் நகரத்தில் பீட்ரூட் சாற்றிலிருந்து மதுசாரம் எடுத்த ஆலையொன்றில் பீப்பாய்கள் கெட்டபோது லூயி பாஸ்டர் நுணுக்குக்காட்டியோடு போனார். நல்ல பீப்பாயின் துளியில் உருண்டைகளையும் கெட்டதில் வேறு வடிவங்களையும் கண்டார். புளிப்பது உயிருள்ளவற்றின் வேலை என்று அவர் பின்னால் நிறுவியதற்கு அந்தப் பீப்பாய்களும் ஒரு தொடக்கம். நம் பாடசாலைகளில் சும்மா கிடக்கும் நுணுக்குக்காட்டிகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. இரசாயன ஆசிரியர் யாராவது மனம் வைத்தால் அமில அளவையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மதுசாரம் முடிந்தபின் நடப்பது சுருக்கம். தெளிந்ததை வடித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயிருள்ள தாய் வினாகிரி சேர்த்து, வாய் அகன்ற கலத்தில் ஊற்றி மெல்லிய துணியால் மூட வேண்டும். அலுமினியமோ நாகத் தகடோ ஆகாது. தொடக்கத்திலேயே புளிப்பு இருப்பதால் வெள்ளை ஆடை கட்டும் ஈஸ்ட்டுகள் தலைதூக்காது. மதுசாரம் அநேகமாகத் தீர்ந்ததும் போத்தலின் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். திறந்தே விட்டால் பற்றீரியா தான் உண்டாக்கிய அமிலத்தையே தின்னத் தொடங்கும், சில வாரத்தில் வினாகிரி தண்ணீராகிவிடும். புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் வாங்குமுன் மதுசாரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது, செய்கிறவர் சோதித்துப் பார்த்துவிட்டு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி செறிந்த அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. நம் தென்னையின் தண்ணீர் வடிகானில் ஓட, நாம் அந்த அமிலத் தண்ணீரை வாங்கி அச்சாறு போடுகிறோம். ஆலை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலையில் உடைக்கும் காயின் தண்ணீரைத் தனிக் கலத்தில் பிடித்து, வெயில் ஏறுமுன் கேட்பவருக்குக் கொடுங்கள். மத்தியானம் தாண்டினால் அது புளித்துவிடும், எந்த ஈஸ்ட் போட்டும் பிறகு பயனில்லை.