சொல்லாத கடற்கரை

அமெரிக்கா தேசத்தின் படத்தை விரித்து அதன் கீழ்க்கரையைப் பார்த்தால், மாஸசூஸெட்ஸ் மாகாணம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் ஒரு கையை நீட்டி, முழங்கையை மடித்து, முஷ்டி பிடித்துக் காட்டுவது போல ஒரு நிலப்பகுதி தென்படும். அதற்குக் கேப் காட் என்று பெயர். 'காட்' என்பது ஒரு மீன். ஊருக்கே மீனின் பெயரை வைத்தவர்கள் மீனைப் பற்றிப் பேசாமல் இருப்பார்களா? ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால், "எந்த இடத்தில் பிடித்தீர்கள்?" என்று மட்டும் அவர்களைக் கேட்டுவிடக் கூடாது. உடனே ஆகாயத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்பார்கள்.

நாம் அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது வருஷமாக, ஊர் உறங்கும் வேளையில் அலைக்கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர். அந்த வித்தையைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதிக் கொண்டிருந்தார். பதினோரு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன, பன்னிரண்டாவதுதான் தகராறு. அதன் தலைப்பு, 'எங்கே பிடிப்பது?' பிரசுரகர்த்தர் தேசப்படத்துடன் வேண்டும் என்கிறார். சிநேகிதருக்கோ பேனா ஓடவில்லை.

"இவர் சமையல் புஸ்தகம் எழுதினாலும், உப்பு எவ்வளவு என்பதை மறைத்துவிடுவார்" என்றார் அவருடைய மனைவி.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, கடல் நீர் வற்றியிருந்த சமயம் பார்த்து நம்மை ஒரு கரைக்கு அழைத்துச் சென்றார். இடத்தின் பெயரை எழுதுவதில்லை என்று வண்டியிலேயே நம்மிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். தாரோ என்னும் ஞானி 1849-ஆம் ஆண்டில் கால்நடையாகச் சுற்றிப் பார்த்த நெடுங்கரையின் ஒரு பகுதி அது. பிற்காலத்தில் காந்தியடிகள் படித்துப் போற்றிய, சட்ட மறுப்பைப் பற்றிய அவருடைய கட்டுரை அச்சில் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு பக்கம் செங்குத்தான மணல் மேடு. மறு பக்கம் எல்லையற்ற நீலம். நம் கண்ணுக்கு எல்லா இடமும் ஒன்றாகவே தோன்றியது.

"நன்றாகப் பாருங்கள். அலை எங்கே வெண்மையாக உடைகிறதோ அங்கே மணல் திட்டு இருக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அலை உடையாமல் தண்ணீர் கறுத்துத் தெரிகிறதே, அங்கே திட்டில் ஒரு வாசல். கடல் வற்றும்போது பள்ளத்து நீர் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறு மீன்களும் அதோடு அடித்துக்கொண்டு போகும். பெரிய மீன் வாசலில் காத்திருக்கும்" என்றார் சிநேகிதர்.

இரவு பத்து மணிக்கு மறுபடி சென்றோம். ஏற்றம் முடிந்து நீர் வற்றத் தொடங்கியிருந்தது. மார்பு வரை ரப்பர் உடை அணிந்து, இருளில் நின்று அவர் தூண்டில் வீசினார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோல் வில்லாய் வளைந்தது. வெள்ளி உடம்பில் நீளவாக்கில் ஏழெட்டுக் கரிய கோடுகள் போட்ட மீன் ஒன்று கரைக்கு வந்தது. 'ஸ்ட்ரைப்பர்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அவர் அதை அளந்து பார்த்து, தண்ணீரில் மெல்லத் தாங்கிப் பிடித்திருந்து விட்டுவிட்டார்.

காரணம் கேட்டோம். இந்த மீனை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று 1639-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக் குடியேறிகள் சட்டம் செய்தார்களாம். அப்படி மலிந்திருந்த மீன் 1980-களின் தொடக்கத்தில் மிகவும் அருகிவிட்டது. 1984-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1995-இல் மீண்டும் பெருகிவிட்டதென்று அறிவித்தார்கள். பின்னர் மறுபடியும் குறையவே, 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மேற்படாமலும் உள்ள ஒரே மீனைத்தான் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் விதித்தார்கள்.

"ஒரு தடவை ஒரு பத்திரிகையில் ஓர் இடத்தின் பெயரை எழுதிவிட்டேன்" என்றார் சிநேகிதர். "அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மணலெங்கும் அறுந்த நரம்பும் முள்ளும். மணல் நிறத்தில் முட்டையிடும் சிறு பறவை ஒன்று இங்கே உண்டு. அருகி வரும் இனம் என்று 1986 முதல் அதைக் காக்கிறார்கள். அது கூடு வைத்த மேட்டின் மேலேயே நடந்திருந்தார்கள். நான் எழுதியது ஒரே ஒரு வரிதான்."

அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதானே தர்மம்? அதுவும் அவ்வளவு சுலபமாக இல்லை. இந்த மாகாணத்தில், கடற்கரை நிலம் தனியாருடையதாக இருந்தாலும், ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் இடையே மீன் பிடிக்க எவரும் வரலாம் என்று 1640-களில் செய்த சட்டம் ஒன்று உண்டு. ஊருக்குப் பொதுவான உரிமையை ஒருவர் தம் மனத்துக்குள் பூட்டி வைக்கலாமா? அறிந்தவர் எவருமில்லாத ஓர் ஏழைப் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

இந்தக் கேள்வியைச் சிநேகிதரின் மனைவிதான் மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது போட்டார். "உங்களுக்குக் கற்றுக்கொடுத்த கிழவர் தேசப்படமா கொடுத்தார்?" என்றும் கேட்டார்.

சிநேகிதர் காப்பியைக் கீழே வைத்தார். "இல்லை. எந்த இடத்தையும் அவர் சொல்லவில்லை. நீர் வற்றிய வேளையில் தமக்குப் பின்னால் நடக்கவிட்டார், அவ்வளவுதான்" என்றார்.

அன்று மாலைக்குள் பன்னிரண்டாவது அத்தியாயம் முடிந்துவிட்டது. ரேஸ் பாயிண்ட், நாஸெட், கேப் காட் கால்வாய் என்று உலகமறிந்த இடங்களை மட்டும் அதில் பெயர் சொல்லி எழுதினார். மற்றக் கரைகளுக்குத் தேசப்படம் இல்லை. திட்டையும் வாசலையும் தேடிக் காணும் முறையை மட்டும், நமக்குச் சொன்னது போலவே, படிப்படியாக எழுதியிருந்தார். தலைப்பையும் 'எப்படிப் பார்ப்பது?' என்று மாற்றிவிட்டார். அந்த ஏழைப் பையனுக்கு அது போதும் என்று நமக்கும் தோன்றியது. பிரசுரகர்த்தருக்குப் போதுமா என்பது வேறு விஷயம்.

ஊர் திரும்பிய பின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குளிர்காலப் புயலில் நாம் பார்த்த திட்டு கரைந்துபோய், அந்த வாசலும் மூடிவிட்டதாம். "இனி நீங்கள் தாராளமாக எழுதலாம்" என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார்.

அந்த இடம் எது என்று நேயர்கள் இப்போது கேட்கக்கூடும். வானம் சற்று மூட்டமாக இருக்கிறது, மழை வருமோ?