நாரந்தனைப் பனையும் கடல் கடந்த குளிரும்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பக்கம் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை தை மாதத்தில் போய்ப் பாருங்கள். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரு பக்கமும் முழங்காலளவுக் கடல். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கழிய, நாரந்தனை வந்துவிடும். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஊர்காவற்றுறைத் துறைமுகம். நாங்கள் அங்கே போகவில்லை. பனங்கூடலுக்குள் இறங்கிவிட்டோம்.

நான் போனது ஒரு விசாரிப்புக்காக. என்னோடு படித்த நாரந்தனைக்காரர் ஒருவர் இப்போது கனடாவில், டொரன்டோவில் இருக்கிறார். ஊரிலிருந்து போன பனங்கொட்டையைச் சட்டியில் முளைக்க வைத்து, மூன்று வருடம் பிள்ளைபோல வளர்த்தார். ஒரு மாசி மாதம் குடும்பத்தோடு வெளியூர் போனவர், அதைச் சூடில்லாத வாகனக் கொட்டிலில் மறந்து விட்டுவிட்டார். ஒரேயொரு இரவுதான். திரும்பி வந்து பார்த்தபோது ஓலை பச்சையாகவே இருந்ததாம். “தப்பிவிட்டது” என்று மகிழ்ந்தார். மூன்றாம் வாரம் குருத்தைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். “எதற்காகச் செத்தது என்று எங்கள் ஆச்சியிடம் கேட்டு எழுது” என்றார் தொலைபேசியில். குரல் சரியில்லை. ஒரு செடிக்காக மனிதர் இப்படி அழுவாரா என்று கேட்காதீர்கள். அந்தக் கொட்டை அவருடைய தாயார் பொறுக்கி வைத்தது; தாயார் இப்போது இல்லை.

ஆச்சி முற்றத்தில் ஒடியல் காயவைத்துக் கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்துக் காணியைக் கையால் காட்டினார். அங்கே தலையில்லாத பனைகள் நாலைந்து, தூண்போல நின்றன.

“உதுகளுக்கும் குருத்துத்தானே தம்பி போனது. செல் விழுந்தது. அவன்ரை மரத்துக்குக் குளிர் விழுந்திருக்கு.”

தாவரவியல் படித்தவர்கள் நாலு பக்கத்தில் சொல்வதை ஆச்சி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். மாமரத்தை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கும் தென்னைக்கும் அப்படியில்லை. ஒரு மரத்துக்கு உயிர்முனை ஒன்றே ஒன்று, அதுவும் உச்சிக் குருத்துக்குள். கடுங்குளிரில் பெரும்பாலும் உயிரணுக்களுக்கு வெளியே நீர் உறைந்து பனிக்கட்டியாகி, உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுத்து, அவற்றின் மென்சவ்வைச் சிதைத்துவிடும். செத்த இளந்தசையில் பிறகு கிருமி புகுந்து அழுகும். அதனால்தான் சாவு உடனே தெரிவதில்லை. தண்டுக்குள் நீர் கொண்டுபோகும் குழாய்களும் ஆயுள் முழுவதும் பழையவைதாம். பழுதானால் புதிதாய் உண்டாகாது. 1989 டிசம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் கடுங்குளிர் அடித்தபோது, எத்தனையோ தென்னைகள் இப்படித்தான் போயின.

ஆனால் பனை தென்னையைவிட நெஞ்சழுத்தமுள்ளது. குளிர்கால இரவுகளில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் பீகாரிலும் பனைகள் வரிசையாய் நிற்கின்றன. நம் யாழ்ப்பாணத்திலோ தையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. நாம் “பனி, பனி” என்று தலையில் துணி கட்டுவதைப் பார்த்தால் டொரன்டோக்காரர் சிரிப்பார்.

பனங்கிழங்கைப் பிடுங்கியிருக்கிறீர்களா? கொட்டை முளைக்கும்போது மேலே வராது. முதலில் கீழே இறங்கும். உயிர்முனையை மண்ணுக்குள் ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் ஓலை மேலே எட்டிப் பார்க்கும். காட்டுத்தீ வந்தாலும் ஆடு மேய்ந்தாலும் மறுபடி வருவது அதனால்தான். நண்பருடைய சட்டியில் அந்த ஆழம் எங்கே? தரையில் நட்டிருந்தாலும் பயனில்லை. டொரன்டோவில் நாலடி மண்ணும் உறையும்.

பேரீச்சை வேறு கதை. உறைநிலைக்குக் கீழே சில பாகை இறங்கினாலும் அது தாங்கும். ஸ்பெயினில் எல்ச்சே என்ற நகரில் முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் வாய்க்கால் வெட்டி வளர்த்த பேரீச்சந்தோப்பு இன்றும் இருக்கிறது. சுமார் 2 இலட்சம் மரங்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. அந்த மரத்துக்குப் பழம் கனியும் காலத்தில் மழைதான் பகை. காத்தான்குடித் தெருவில் பேரீச்சை பார்த்தவர்கள் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

இலண்டனில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டு வாசல்களில் பனைபோல நிற்பது சீனாவிலிருந்து 1849இல் கொண்டுபோன வகை. உறைநிலைக்குக் கீழே 10 பாகையையும் தாங்கும். ஓலை நம் பனையோலையைப் போலவே விசிறியாய் விரியும், தண்டில் மட்டும் சணல்போல நார் சுற்றியிருக்கும். ஆசைக்கு அதை நடலாம். நம் பனையைத்தான் வேண்டுமென்றால் ஆழமான சட்டியில், வீட்டுக்குள், வெளிச்சமான சாளரத்தருகே வையுங்கள். குளிர் பட்டுவிட்டால் ஓலைகளை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். குருத்து கழன்றுவிட்டாலும் செடியை எறியாதீர்கள். அழுகலைத் துடைத்து, செப்புக் கலந்த பூஞ்சண மருந்து ஊற்றி, உச்சியில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, கோடை முழுக்கப் பொறுத்திருங்கள். உயிர்முனை தப்பியிருந்தால் சில மாதங்களில் கோணல்மாணலாய் ஒரு புது ஓலை வரும்.

இதைச் சொன்னதும் நண்பர் கேட்ட முதற்கேள்வி: “ஐயோ, நான் எறிந்துவிட்டேனே?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆச்சியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், புழுக்கொடியலை ஒரு பனையோலைப் பெட்டியில் அடைந்து மூடிக் கயிற்றால் கட்டினார்.

“ஆவணியிலை பழம் விழும். கொட்டை வேணுமெண்டால் அப்ப வாங்கோ, தம்பி. இப்ப இதை அனுப்புங்கோ. பல்லுக் கவனமெண்டு அவனுக்குச் சொல்லுங்கோ.”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.