கண்டி வீதியின் மறுமுனையில் ஒரு வீடு

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஏ-9 வீதியை நாங்கள் 'கண்டி வீதி' என்றுதான் சொல்வோம். விலாசம் எழுதும்போதும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் அந்த வீதி போய் முடிகின்ற கண்டியைக் கண்டவர்கள் எங்களில் அதிகம் பேர் இல்லை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமான வீதி, யுத்த காலத்தில் எங்களுக்கு ஓமந்தையுடனோ முகமாலையுடனோ முடிந்துவிட்டது. 2002 இல் திறந்தார்கள். 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டினார்கள். இப்போது யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் கண்டிக்குப் போக எங்களுக்கு என்ன அலுவல் இருக்கிறது?

எனக்கு ஓர் அலுவல் வந்தது. 2024 ஜூனில் சமூகப் பணியாளர்களுக்கான மூன்று நாள் பயிற்சி கண்டியில் நடந்தது. வவுனியாவில் எமது குழுவில் இருக்கும் ஒரு சகோதரி, "மிஸ், ஏன் காசு குடுத்து அறை எடுக்கிறீங்கள்? எங்கட அக்கா அம்பிட்டியாவிலதான் இருக்கிறா" என்றார். அப்படித்தான் அந்த வீட்டில் மூன்று இரவுகள் தங்கினேன்.

போவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பகுதித் தாய்மார் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பிள்ளையை வீட்டில வச்சே படிப்பிச்சால் என்ன மிஸ்?" இந்த அக்கா அதைச் செய்து பார்த்தவர் என்று தங்கை சொல்லியிருந்தார்.

பஸ் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வரும்போதே காற்று மாறிவிடுகிறது. கண்டி நகரம் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போல இருக்கிறது. நடுவில் வாவி. அதை வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். 1815 இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூரில் கைதியாகவே இறந்தான். வாவிக்கரையில் தலதா மாளிகை. நகருக்குள்ளேயே புனித அந்தோனியார் பேராலயமும் உண்டு, பிள்ளையார் கோவிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. சந்தையில் சிங்களமும் தமிழும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. எனக்கு முதல் நாள் அது ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அம்பிட்டியா நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். பஸ் வளைந்து வளைந்து ஏறும். 1893 இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்தியா, இலங்கைக் குருமாணவருக்காக ஆரம்பித்த குருமடம் இங்கேதான் இருந்தது. 1955 இல் அது பூனாவுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இங்கு இருப்பது இலங்கையின் தேசிய குருமடம். எங்கள் ஊர்ப் பங்குகளில் பணியாற்றிய வயதான சுவாமிமார் சிலரும் இங்கே படித்தவர்கள்தான்.

அக்காவின் வீடு பாதையிலிருந்து முப்பது படி கீழே. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. கணவர் மலையகத்தைச் சேர்ந்தவர், மேசன். வவுனியாவில் கட்டட வேலைக்கு வந்தபோது பழக்கமாகி 2006 இல் மணம் முடித்தார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாறு வயது, நடுவில் பதினொரு வயது மகன், கடைசி ஆறு வயதுச் சின்னவள். அக்காவின் சொந்த ஊர் மன்னார் மாவட்டம். 1990 இல் ஏழு வயதில் இடம்பெயர்ந்து, மடுக்கோவில் சுற்றாடல் அகதி முகாமில் வளர்ந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. "அம்மாதான் மணல்ல கீறி எழுத்துக் காட்டித் தந்தவ. சிலேற் இல்லை, கொப்பி இல்லை. மரத்தடியில ரீச்சர்மார் வந்தால் பள்ளிக்கூடம், வராட்டில் அம்மாதான் பள்ளிக்கூடம்" என்றார். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும்.

2020 மார்ச் 13 இல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பிறகு திறப்பதும் மூடுவதுமாக 2021 ஒக்டோபர் வரை இழுபட்டது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. வட்ஸ்அப்பில் வரும் பாடங்களைப் பார்க்க, சிக்னலுக்காக முப்பது படி ஏறி மேலே போக வேண்டும். மழையென்றால் அதுவும் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு அக்கா குசினியையே வகுப்பாக்கினார்.

அவர் அதை எப்படி நடத்தினார் என்று பிள்ளைகளே எனக்குச் செய்து காட்டினார்கள். காலையில் அரிசி அளப்பது மகனின் வேலை. ஆளுக்கு அரைச் சுண்டு என்றால் ஐந்து பேருக்கு எத்தனை, பாட்டி வந்தால் எத்தனை, ஒரு கிலோவில் எத்தனை சுண்டு, சம்பளம் வரும்வரை எத்தனை கிலோ வேண்டும். ரொட்டியை நாலாக, எட்டாக வெட்டிப் பின்னம். கடைத் துண்டை வைத்துக் கூட்டல் கழித்தல். தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறைவதும் அடுப்படியில் உருகுவதும் விஞ்ஞானம். (கண்டியில் டிசம்பர், ஜனவரியில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகி நிற்குமாம்.) பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்டு வருவது சிங்கள பாடம். போகும்போது ஒரு வசனம், வரும்போது புதிதாக இரண்டு சொல். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பாடநூல்கள் இருந்தபடியால் எதை எப்போது படிப்பிப்பது என்ற ஒழுங்கு கெடவில்லை என்றார்.

பின்னேரம் ஆறரைக்குச் செபமாலை. சின்னவள் எண்ணக் கற்றது செபமாலை மணியில்தான். பத்துப் பத்தாக ஐந்து தரம், தொடக்கத்தில் மூன்று, மொத்தம் ஐம்பத்து மூன்று என்று எனக்கும் எண்ணிக் காட்டினாள். செபம் முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வேதாகமத்தில் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மகன் தட்டுத் தடங்கல் இல்லாமல் தமிழ் வாசிப்பதற்கு அதுதான் காரணம். சைவ வீடுகளில் தேவாரம் பாடிப் பிள்ளைகள் நாக்குத் திருந்துவதும் இப்படித்தானே.

இந்த நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வீட்டில் வைத்துப் படிப்பிப்பது புதிதல்ல. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாயிற்று. பிள்ளைகள் ஒல்லாந்தரின் கோவிற்பற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் தண்டப்பணம். ஆகவே பகலில் பிள்ளை அங்கே போய் அவர்களுடைய பாடத்தைச் சொல்லிவிட்டு வரும். இரவில் தாயும் பேத்தியாரும் தங்கள் செபங்களைச் சொல்லிக் கொடுப்பார்கள். 1687 இல் கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் சில்லாலையில் தங்கி, இரவு நேரங்களில் வீடுகளில்தான் பூசை செய்தார். அவர் வரும்வரை பல வருடங்கள் குரு இல்லாமலே விசுவாசம் நின்றது என்றால் அதை நிறுத்தி வைத்தவர்கள் யார்? சரித்திரப் புத்தகங்களில் அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. வாஸ் அடிகள் 1692 இல் கண்டிக்குப் போனார். ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறை வைத்தார்கள். 1697 இல் அம்மை நோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது அவர்களைக் கழுவித் துடைத்துப் பராமரித்தவர் அவர்தான். 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றைக்கே மடுவுக்கும் போனார். அக்கா அன்று கைக்குழந்தையாயிருந்த மகனையும் தூக்கிக்கொண்டு மடுவுக்குப் போனவர்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இரண்டாம் இரவு அக்கா மற்றப் பக்கத்தையும் சொன்னார்.

2021 ஒக்டோபரில் பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தபோது மூத்தவள் போனாள். மகனை அக்கா விடவில்லை. அவனுக்கு இழுப்பு வருத்தம் இருந்தது. கண்டிக் குளிரில் அது கூடும். வைத்தியரும் அந்தச் சில மாதங்கள் கவனம் என்று சொல்லியிருந்தார். ஆனால் சில மாதங்கள் ஒன்றரை வருடமாயிற்று. ஏன் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவனுக்கு இழுப்பு, உண்மைதான் தங்கச்சி. ஆனா எனக்குப் பயம். அதுதான் கூட. எங்கட தம்பி ஒருநாள் பள்ளிக்கூடம் எண்டு போனவன்தானே."

தம்பியைப் பற்றி அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2022 இல் நிலைமை இன்னும் இறுகியது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மார்ச் கடைசியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லை. விறகு பொறுக்க வேண்டும், ஈர விறகை ஊத வேண்டும், அந்தப் புகை மகனுக்கு ஆகாது. ஆகவே அக்கா அவனை முன் விறாந்தையில் வைத்துப் படிப்பித்தார். குசினிக்குள் நின்றது யார்? பதினான்கு வயது மூத்தவள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், வந்து உடுப்புத் துவைப்பாள், சின்னவளைக் குளிக்க வார்ப்பாள். மகனுக்கு வீடு பள்ளிக்கூடமாக இருந்தது. மகளுக்கு வீடு வேலைத்தலமாயிற்று. கணிதத்தில் அவளுடைய புள்ளிகள் இறங்கிக்கொண்டு போயின.

அதைக் கண்டு வாய் திறந்தவர் தகப்பன். "எங்கம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப பெரியக்காதான் எங்களைப் பார்த்துக்கிட்டாங்க. நாங்க படிச்சோம், அவங்க படிக்கல. அதையே நம்ம வீட்லயும் பார்க்கணுமா?" என்று கேட்டாராம். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். இதைச் சொல்லும்போது இருவருமே சிரித்தார்கள்.

பிறகுதான் அந்தக் கலண்டர்த் தாள் சுவரில் ஏறியது. பழைய கலண்டரின் பின்பக்கத்தில் ஐந்து பேரின் பெயரும் நேரமும். இரவுக் கோப்பை பீங்கான் கழுவுவது மகன். விறாந்தை கூட்டுவதும் அவனே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு. ஞாயிறு பூசைக்குப் பிறகு உடுப்புத் துவைப்பது தகப்பன். மூத்தவளுக்குப் பின்னேரம் ஐந்து முதல் செபமாலைவரை புத்தகம் மட்டும். அக்காவின் பெயருக்கு நேரே பகல் இரண்டு முதல் மூன்று வரை வெறுமையாக விட்டிருந்தது. "அது என்ன?" என்றேன். "அது நான் படுக்கிற நேரம்" என்றார். எங்கள் பயிற்சியில் குடும்ப வேலைப் பங்கீடு பற்றி அரைநாள் விரிவுரை நடந்தது. அந்தத் தாளைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மகன் 2023 இல் பாடசாலைக்குத் திரும்பினான். அதிபர் அவனுடைய பெயரை இடாப்பில் வெட்டாமல் வைத்திருந்தது பெரிய உதவி. வாசிப்பிலும் கணிதத்திலும் அவன் வகுப்பில் முன்னுக்கு நின்றான். ஆனால் இடைவேளையில் யாருடன் விளையாடுவது என்று தெரியாமல் ஒரு தவணை முழுக்கச் சுவரோரம் நின்றானாம். அதைக் குசினியில் படிப்பிக்க முடியாது.

என்னிடம் கேட்ட தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் 1998 முதல் 5 தொடக்கம் 14 வயதுவரை கல்வி கட்டாயம். 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வீட்டில் படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்கள் விரும்பியே அப்படிச் செய்கின்றன. ஜேர்மனியிலோ அதற்கு இடமில்லை. இங்கே வருத்தம் காரணமாகப் பிள்ளையைக் கொஞ்சக் காலம் வீட்டில் வைக்க வேண்டி வந்தால் வைத்தியரின் துண்டோடு அதிபரைப் போய்ச் சந்தியுங்கள். பெயர் இடாப்பில் இருக்கட்டும். இடையில் நின்றுபோன பெரிய பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம். ஆனால் பிள்ளையை வீட்டில் மறித்து வைப்பது வருத்தமா, எங்கள் பயமா என்று ஒருதரம் உங்களையே கேளுங்கள். பயம் என்றால் அது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. எங்களுக்கு அது காரணமில்லாமல் வரவில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியது பிள்ளையோடு அல்ல, எங்களைப் போன்ற ஒருவரோடு. அக்காவும் பக்கத்துப் பங்கிலுள்ள ஒரு கன்னியாஸ்திரியிடம் பல நாட்கள் போய்ப் பேசியிருக்கிறார்.

மகனை முதல் நாள் பாடசாலையில் விட்டுவிட்டு, பாடசாலை முடியும்வரை எதிர்க்கடை வாங்கில் குந்தியிருந்தாராம். அடுத்த கிழமை பத்து மணிவரை. அதற்கடுத்த கிழமை கேற்றடியோடு திரும்பினார். இப்போது மகன் பக்கத்து வீட்டுப் பையனோடு பஸ்ஸில் போகிறான். பஸ் வளைவில் மறையும்வரை அக்கா படியில் நிற்பார். மூன்று காலையும் நானும் அருகில் நின்றேன்.

மூத்தவள் அப்போதுதான், 2024 மே மாதம், சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். செப்டெம்பர் கடைசியில் பெறுபேறு வந்ததும் அக்கா எனக்குப் போன் எடுத்தார். தமிழுக்கும் சமயத்துக்கும் 'ஏ', சிங்களத்துக்கு 'பி', கணிதத்துக்கு 'எஸ்'. "எஸ் காணும்தானே தங்கச்சி, மேல படிக்க?" என்று கேட்டார். காணும் என்றேன். பின்னால் மகன் பீங்கான் கழுவும் சத்தம் கேட்டது.